மலையேறும் வண்டியில் மரை படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"வீல் ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சு டைட் பண்ணிட்டேண்ணே, இனி எங்க கழலப் போகுது?" தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அப்படி மிதித்து ஏற்றிய நட்டும் கழலும். கழலாவிட்டால் ஸ்டட், அதாவது அந்த நட்டு ஏறும் மரைக்கம்பி, முறியும். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுப் பாதையிலோ குமுளி மலைப்பாதையிலோ ஏறும் ஜீப்பில் இந்த இரண்டில் எது நடந்தாலும் விளைவு ஒன்றுதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பரப்பு வாசர்மேல் உராய்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவிலான உராய்வில் போகிறது. மிச்சமிருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து நீட்டுகிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அந்த நீட்சிதான். நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் பிடிப்பு.

ஆக, கைக்குத் தெரியும் இறுக்கத்தில் பெரும்பங்கு உராய்வு. துருப்பிடித்த மரை கையில் இரும்பாக இறுகியது போலத் தெரியும், உள்ளே பிடிப்பு பாதிகூட இருக்காது. எண்ணெய் தடவிய மரை இன்னும் ஏறுகிறதே என்று தோன்றும், உள்ளே போல்ட் முறியும் எல்லைக்குப் போயிருக்கும். கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புகிறவைதான்.

நட்டு அசையவே மாட்டேன் என்கிறது

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஜூன் தொடங்கிவிட்டால் மழையும் மூடுபனியும்தான். தோட்டத்துச் சேறு சேஸிஸில் அப்பி, காயாமலே கிடக்கும். அதோடு நம் பகுதிக்கே உரிய இன்னொரு எதிரியும் உண்டு: மயில்துத்தம். திராட்சைக்கும் மிளகுக்கும் ஏலத்துக்கும் போர்டோ கலவை அடிக்கிறோம் அல்லவா, அதற்குக் கரைக்கும் மயில்துத்தத் தண்ணீர் இரும்பு போல்ட்டில் பட்டால் இரும்பைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் செம்பைப் படிய வைக்கும். ஸ்பிரேயர் ஏற்றிய வண்டியின் பின்பக்க போல்ட்டுகளைத் துடைத்துப் பாருங்கள், சில இடங்களில் செம்பு நிறத்தில் ஒரு படலம் தெரியும். அலுமினியத்தில் பட்டால் இன்னும் மோசம், குழிகுழியாக அரித்துவிடும். மருந்தடித்த அன்றே நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி வராது.

இப்போது நட்டு இறுகித்தான் கிடக்கிறது என்றால் நேராக நீளப் பைப்பைச் செருகி இழுக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை முதலில் வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சுத்தம் செய்யாமல் கழற்றினால் வெளியிலிருக்கும் துருவெல்லாம் நட்டுக்குள் இழுபட்டு ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை விட்டு, நட்டின் தலையில் சுத்தியலால் நாலைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம், அதிர்வு போனால் போதும். எண்ணெய் உள்ளே இறங்க நேரம் வேண்டும். மாலையில் விட்டுவிட்டுக் காலையில் கழற்றுவது உத்தமம். டீசலும் மண்ணெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக.

அசைய ஆரம்பித்ததும் ஒரே மூச்சில் கழற்றிவிடத் தோன்றும். கூடாது. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று மறுபடி இறுக்கி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துரு பொடியாகி வெளியே வரும். கீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திப் பின்னால் திருப்புங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் சூடு. நட்டைத்தான் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. நட்டு விரிந்தால்தான் இடைவெளி கிடைக்கும். சூடான மரையில் மெழுகுவர்த்தியை வைத்துத் தேய்த்தால் உருகிய மெழுகு உள்ளே இழுபடும், பழைய மேஸ்திரிகளின் இந்த வழி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், பேரிங், ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் கேஸ் வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. அங்கே நட்டை உளியால் பிளந்துவிட்டுப் புது நட்டுப் போடுவதுதான் சரி. நட்டின் விலை அற்பம்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. கழலாத நட்டு, நீங்கள் தப்புத் திசையில் திருப்புகிற இடது மரையாகவும் இருக்கலாம். அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் வம்சத்துப் பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டில் இடது மரை இருக்கும், ஸ்டட் முனையில் 'எல்' எழுத்து பொறித்திருக்கும். அதை வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான். பட்டறையிலேயே பார்க்கலாம்: கேஸ் வெல்டிங்கில் அசிட்டிலீன் பக்கத்து நட்டு இடது மரை, அடையாளத்துக்கு அதன் விளிம்பில் வெட்டு இருக்கும். ஆக்சிஜன் பக்கம் சாதாரண மரை. தோட்டத்துப் பழைய ஜீப் வந்தால் ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் போடுங்கள்.

இரண்டு சுற்று கையால் ஏறுகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது

இது துரு இல்லை, எண்ணெய் விட்டாலும் சரியாகாது. மரை பொருந்தவில்லை என்று அர்த்தம்.

நம் பக்கத்துப் பழைய ஜீப்புகளில் இது ஏன் அதிகம் என்றால், சேஸிஸும் ஆக்ஸிலும் வில்லீஸ் வழியில் வந்த அங்குல அளவு. அதன்மேல் உட்கார்ந்திருப்பதோ பல வண்டிகளில் பெஜோ உரிமத்தில் வந்த டீசல் இன்ஜின், அது மில்லிமீட்டர் அளவு. ஒரே வண்டியில் இரண்டு உலகம். கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டுவைத்தால் திரும்ப மாட்டும்போது எது எதற்கு என்று கண்ணுக்குத் தெரியாது. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம்8 போல்ட் 8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே கிடையாது. ஆனால் எம்8 மரையின் இடைவெளி 1.25 மி.மீ., 5/16 நைஸ் மரையின் இடைவெளி ஏறக்குறைய 1.06 மி.மீ. முதல் ஒன்றிரண்டு மரை ஏறும், அதற்கப்புறம் ஒன்றையொன்று கடிக்கும். அந்த இடத்தில் ஸ்பேனர் போட்டு இழுத்தால் இரண்டு மரையும் போய்விடும்.

மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலையில்லை. அதுவும் இல்லையென்றால், அளவு தெரிந்த இன்னொரு போல்ட்டை எடுத்து மரையோடு மரை சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டும் ஒன்றில் ஒன்று படிந்து உட்கார்ந்தால் ஒரே மரை. நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு.

ஸ்பேனருக்கும் இதே பேச்சுதான். 3/4 அங்குலத் தலைக்கு 19 மி.மீ. ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும், 3/4 என்பது 19.05. ஆனால் 9/16 தலை 14.29 மி.மீ., அதற்கு 14 நுழையாது, 15 ஆடும். ஆடும் ஸ்பேனரால் திருப்பித்தான் நட்டுத் தலையெல்லாம் உருண்டையாகிறது.

மரை சரியானதுதான், ஆனாலும் ஆரம்பத்திலேயே பிடிக்கிறது என்றால் போல்ட் கோணலாக நுழைந்திருக்கும். போல்ட்டை வைத்து முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். மரை முனையும் மரை முனையும் சந்திக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் நேராக ஏறும். எந்தப் போல்ட்டாக இருந்தாலும் முதல் நாலைந்து சுற்று விரலால்தான் ஏற வேண்டும். சாக்கெட்டை மாட்டி இம்பாக்ட் கன்னால் (நட்டு முறுக்கும் மெஷின்) நேரே அடித்து ஏற்றுவது எனக்குத் துளியும் சம்மதமில்லாத வேலை.

போல்ட் அடிவரை போகும் முன்பே நின்றுவிடுகிறது

மரையும் பொருந்துகிறது, நீளமும் சரி, ஆனாலும் கடைசி ஒரு சென்டிமீட்டர் இறங்கவில்லை. ஓட்டை மறுபக்கம் திறக்காத குருட்டு ஓட்டையா என்று பாருங்கள். அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும். திரவம் அமுங்காது. போல்ட்டை வற்புறுத்தி இறக்கினால் அந்த அழுத்தத்தில் வார்ப்பே விரிசல் விடும். சிலிண்டர் ஹெட் போல்ட் மாட்டும்போது இன்ஜின் பிளாக் போவது பெரும்பாலும் இப்படித்தான். துணி சுற்றிய கம்பியை விட்டு ஒற்றி எடுங்கள், அப்புறம் காற்று அடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் போல்ட்டின் மரையில் விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். ஓட்டைக்குள் ஊற்றாதீர்கள்.

எவர்சில்வர் போல்ட் பாதியில் வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது

துருப்பிடிக்காது என்று நம்பி ஸ்பிரேயர் ஸ்டாண்டுக்கும் தார்ப்பாய்க் கம்பிக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்ந்த நிலையில் வேகமாக ஏற்றினால், துருவைத் தடுக்கும் அந்த மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உராய்ந்து கிழிந்துவிடும். அடியிலிருக்கும் வெறும் உலோகம் வெறும் உலோகத்தோடு அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உண்மையிலேயே ஒட்டிவிடும். ஏறும்போது நட்டு கைக்குச் சூடாகத் தெரிந்தால் ஒட்டப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய பிறகு மருந்து கிடையாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை: மரையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை ஒட்டாமல் காக்கும் களிம்பு) அல்லது மாலிப்டினம் கலந்த கிரீஸ் தடவ வேண்டும், மெதுவாகக் கையால் ஏற்ற வேண்டும். மரையில் பிசிறு இருந்தால் சன்ன அரம் போட்டு எடுத்துவிடுங்கள். இம்பாக்ட் கன் இங்கே வேண்டவே வேண்டாம்.

அலுமினியத்துக்குள் இரும்பு போகும் இடங்களிலும் ஒட்டும், ஆனால் காரணம் வேறு. இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உப்பி போல்ட்டை நெரிக்கும். அங்கும் ஆன்டி-சீஸ்தான் காப்பு.

புது மரைக்கு இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. முழு அளவுக்குக் கொஞ்சம் குறைவாக முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கித் தளர்த்தி, மூன்றாவது தடவை இறுதி அளவுக்குக் கொண்டுபோவது. மரையின் சின்னச் சின்ன மேடுகள் அமுங்கிப் பரப்பு படிந்துவிடும், உராய்வும் ஒரே மாதிரி ஆகும். எம்-16 துப்பாக்கியில் குழல் மாற்றும்போது அலுமினிய மரையில் ஏறும் குழல் நட்டுக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவி, இப்படி முறுக்கித் தளர்த்திப் படிய வைத்துவிட்டுத்தான் 30 முதல் 80 அடி-பவுண்டுக்குள் நிறுத்துகிறார்கள். நம் கணக்கில் அது 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். நம் பட்டறையிலும் கியர்பாக்ஸ் கூடு, அலுமினிய ஹப் மாதிரியான விலை கூடிய இடங்களில் இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

டார்க் ரெஞ்ச் 'கிளிக்' சொன்னது, போல்ட் முறிந்துவிட்டது

டார்க் ரெஞ்ச் என்பது நாம் வைத்த முறுக்கு அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பேனர். அதைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: மரையில் என்ன தடவினீர்கள்?

கையேட்டில் இருக்கும் எண், மரை உலர்ந்ததா எண்ணெய் பட்டதா என்பதைப் பொறுத்தது. கணக்கு எளிது. பிடிப்பு விசை என்பது முறுக்கு அளவை விட்டத்தாலும் ஓர் உராய்வு எண்ணாலும் வகுத்தால் வருவது. உலர்ந்த இரும்புக்கு அந்த எண் சுமார் 0.2. மாலிப்டினம் கிரீஸ் தடவினால் 0.12 வரை இறங்கிவிடும். எம்10, 8.8 தர போல்ட்டை எடுத்துக்கொள்வோம். 45 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் உலர்ந்த மரையில் பிடிப்பு 22.5 கிலோ நியூட்டன், கிட்டத்தட்ட 2.3 டன். அதே 45, அதே ரெஞ்ச், கிரீஸ் தடவிய மரையில் 37.5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 3.8 டன். அந்த போல்ட் நீண்டு திரும்ப முடியாமல் போகும் எல்லை 37 கிலோ நியூட்டன்தான். ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. நாம் தடவிய கிரீஸ் கணக்கை மாற்றிவிட்டது.

எனவே வரிசை இதுதான். கையேடு உலர்ந்த மரை என்றால் சுத்தமாகத் துடைத்து உலர்ந்தே மாட்டுங்கள். எண்ணெய் தடவச் சொன்னால் சொன்ன எண்ணெயைத் தடவுங்கள். உலர்ந்த மரைக்கான எண் மட்டும்தான் இருக்கிறது, துருவுக்குப் பயந்து கிரீஸ் போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த எண்ணில் 25 முதல் 30 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். மாலிப்டினம் கிரீஸ் என்றால் இன்னும் கொஞ்சம் கூடக் குறைக்கலாம், 40 வரை. கழலாமல் இருக்க ஒட்டும் லாக்டைட் போன்ற திரவமும் ஈரமாக இருக்கும்போது மரையை வழுக்கவே செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் போடும் மரையில் எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக் கூடாது. திரும்பக் கழற்ற வேண்டிய இடத்துக்கு நீல வகை. சிவப்பு வகையைக் கழற்ற 250 டிகிரி சூடு தேவைப்படும்.

போல்ட்டின் தலையையும் படியுங்கள். 8.8 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்க வேண்டும், அறுபடும் வலிமை 800 மெகாபாஸ்கல். அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நீண்டு திரும்பும். 10.9 என்றால் 1000, அதில் 90 சதவீதம். தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் போடாதீர்கள், யார் கொடுத்தாலும் சரி.

டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் மனக்கணக்கு போடலாம். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடைக்கு நிகராக இழுத்தால் சுமார் 60 நியூட்டன் மீட்டர். அதே கை ஒரு மீட்டர் பைப் செருகினால் 200. எம்6 போல்ட்டுக்கு வேண்டியது 10 மட்டுமே, எம்8 போல்ட்டுக்கு 25 அளவு. சின்னப் போல்ட்டுக்குச் சின்ன ஸ்பேனர் என்று வைத்திருப்பது அதனால்தான்.

ரெஞ்சும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அதைக் கழற்ற உபயோகிக்காதீர்கள். ஒரு கிளிக் வந்ததும் நிறுத்துங்கள், உறுதிக்காக இரண்டு மூன்று தடவை கிளிக் செய்வது கூடுதல் இறுக்கம்தான். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கிவைத்தால் ஸ்பிரிங் தளராது.

இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

மரை போய்விட்டது. போல்ட்டில் போயிருந்தால் அதிர்ஷ்டம், புதுசு போட்டால் முடிந்தது. அலுமினிய ஓட்டையில் போயிருந்தால் வேலை இருக்கிறது.

இன்னும் பெரிய போல்ட்டைத் திணிப்பது, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் வைப்பது எல்லாம் ஒரு மலையேற்றம்கூடத் தாங்காது. சரியான வழி ஹெலிகாயில். போன மரையை அதற்கான டிரில்லால் நேராகத் துளைத்து எடுத்து, அதற்கென்றே வரும் மரை வெட்டும் டேப் அடித்து, ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளை உள்ளே திருகி இறக்கி, அடியிலிருக்கும் சின்ன நாக்கை ஒடித்து எடுத்துவிட வேண்டும். அலுமினியத்தில் இப்படிப் போட்ட மரை, பழைய மரையைவிட வலுவாகவே நிற்கும். டேப் அடிக்கும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சீவல் உடைந்து வரட்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு அடித்தால் மரை வழவழப்பாக வரும். டிரில் கோணினால் எல்லாம் வீண், கைப் பழக்கம் இல்லாதவர்கள் லேத்துக்குக் கொண்டுபோய்விடுவது மேல்.

மரை ஏன் போனது என்பதையும் பாருங்கள். நட்டு உட்காரும் பக்கத்து முதல் மரை மட்டுமே சுமையில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. போல்ட் குட்டையாக இருந்து இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருந்தால் போகாமல் என்ன செய்யும்? இரும்புக்குள் போல்ட்டின் விட்டம் அளவாவது இறங்க வேண்டும், அலுமினியத்துக்குள் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு.

ஸ்பார்க் பிளக்கும் டிரெய்ன் பிளக்கும்

பைக், ஆட்டோ, பவர் ஸ்பிரேயர் எல்லாவற்றிலும் இந்த இரண்டால்தான் அலுமினிய மரை அதிகம் போகிறது. பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சுற்றியிருக்கும் மண்ணை முதலில் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேரே சிலிண்டருக்குள் போகும். புது பிளக்கை விரலால் அடிவரை ஏற்றி, வாசர் உட்கார்ந்ததும் அரையிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாசர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். எண்ணில் சொன்னால், அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 14 மி.மீ.க்கு 25 முதல் 30. பிளக் மரையில் கிரீஸ் வேண்டாம். என்ஜிகே போன்ற கம்பெனிகள் மரையில் உலோகப் பூச்சு போட்டே தருகின்றன, ஆன்டி-சீஸ் தடவினால் அளவுக்கு மீறி இறுகும் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

ஆயில் வடிக்கும் டிரெய்ன் பிளக்கில் கசிவு வந்தால் முதலில் வாசரை மாற்றுங்கள், இறுக்கத்தைக் கூட்டாதீர்கள். செம்பு வாசர் ஒரு தடவை அமுங்கியதும் கெட்டியாகிவிடும். புதுசு கிடைக்காத இடத்தில் பழையதை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். மேலே படிந்த கருப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டலாம்.

ஸ்பிரேயர் குழாய், போர்வெல் பைப் இணைப்பு வேறு கதை. அங்கே கூம்பு மரை, மரையே தண்ணீரை அடைக்க வேண்டும். டெஃப்லான் டேப் அங்குதான். மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள்.

வீல் நட்டு திரும்பத் திரும்பத் தளர்கிறது

அறிகுறிகள்: நட்டைச் சுற்றி ரிம்மில் துருக் கோடு வெளியே வழிந்திருக்கும், அல்லது நட்டு உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். மெதுவாக ஓட்டும்போது சக்கரத்தின் சுற்றுக்கு ஏற்ப 'டொக், டொக்' என்று சத்தம். வளைவில் ஸ்டியரிங் லேசாக நடுங்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் ஆளை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள்.

தளர்வதற்கு முக்கியக் காரணம் இறுக்கம் போதாமை இல்லை, நடுவில் எதுவோ அமுங்குவதுதான். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துரு, சேறு, புது பெயின்ட் எது இருந்தாலும் நாலு குழியில் விழுந்து எழும்போது நசுங்கி மெலியும். அரை மில்லிமீட்டர் மெலிந்தாலே ஸ்டட்டின் நீட்சி மொத்தமும் போய்விடும். ஸ்டெப்னி மாற்றும்போதெல்லாம் இரண்டு முகங்களையும் வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். ரிம்முக்கு அழகாகப் பெயின்ட் அடித்து வாங்கியவர்கள் நட்டு உட்காரும் இடத்திலும் ஹப்பில் படியும் முகத்திலும் பெயின்ட்டைச் சுரண்டியே ஆக வேண்டும்.

அடுத்து நட்டின் அடிப்பகுதி. கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை உண்டு. இரும்பு ரிம்முக்கான நட்டை அலாய் வீலுக்குப் போட்டால் விளிம்பு மட்டும்தான் தொடும். கையில் இறுகும், சாலையில் தளரும்.

எண்ணெய் தடவலாமா? பெரும்பாலான வண்டிக் கையேடுகள் சுத்தமான உலர்ந்த மரையையே கேட்கின்றன. தோட்டத்து ஈரத்தில் ஸ்டட் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பது நியாயமான கவலைதான், அதற்கு ரிம் மாட்டிய பிறகு வெளியே நீட்டியிருக்கும் மரை முனையில் கிரீஸ் தடவி மூடி போட்டு வைக்கலாம். நட்டு உட்காரும் கூம்பில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. முறுக்கு விசையில் பாதி அங்கேதான் செலவாகிறது, அது வழுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் கிரீஸ் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுக்கும் முறை: சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போதே எல்லா நட்டையும் விரலால் ஏற்றி, ரிம் நடுவில் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். ஐந்து நட்டு உள்ள சக்கரத்தில் ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திரம் வரைவதுபோல் போக வேண்டும். முதல் சுற்றில் பாதி இறுக்கம், ஜாக்கியை இறக்கிய பிறகு இரண்டாவது சுற்றில் முழு அளவு. 12 மி.மீ. ஸ்டட் உள்ள பல கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம். உங்கள் வண்டியின் எண் கையேட்டில் இருக்கும். சாதாரண வீல் ஸ்பேனரில் கையால் நன்றாக இழுத்தாலே அந்த அளவுக்கு வந்துவிடும். அதன்மேல் ஏறி நிற்பவரின் எடை 70 கிலோ, ஸ்பேனர் 40 சென்டிமீட்டர் என்றால் சுமார் 275. அப்படிப் பல தடவை நீண்ட ஸ்டட்தான் ஒரு நாள் சொல்லாமல் அறுகிறது.

மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கம்பத்தில் மாட்டிய சக்கரம் குமுளி ஏறி வண்டன்மேடு போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஆகிவிடும். அந்தச் சோதனையில் நட்டு கொஞ்சம் ஏறுவது சகஜம். அடுத்த சோதனையிலும் ஏறினால் ரிம்மைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டட்டின் மரை நடுவில் மெலிந்து, இடைவெளி அகன்று தெரிந்தால் அது நீண்டுவிட்டது, அந்த ஸ்டட்டோடு இரண்டு பக்கத்து ஸ்டட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். ரிம்மின் ஓட்டை வட்டம் போய் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் வெல்டிங் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். அந்த ரிம் இனி பழைய இரும்புக் கடைக்குத்தான்.